பல்செட்டு கண்டெடுத்த கடல்

அம்பத்தூரில் தொடங்கி ஆவடி வரைக்கும், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எந்தக் கல்யாண ஆல்பத்தில் பல் தெரியச் சிரித்தாலும், அந்தச் சிரிப்பில் பாதி பல்செட்டுக்குச் சொந்தம். மீதிப் பாதி கடவுள் கொடுத்தது. அதிலும் பல்செட்டுக்குக் குறை உண்டு. "ஆண்டவரு நல்ல டிசைனருதான் சார். ஃபினிஷிங்லதான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு" என்பார்.

பல்செட்டு என்பது அவர் பெயர் அல்ல, தொழில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருத்தமாகப் பல்லும் ஈறும் செய்து திருப்பி அனுப்புவது இவர் வேலை. ஞானஸ்நானத்தின்போது ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். அது அவருக்கும் அவருடைய ஆதார் அட்டைக்கும் இடையிலான ரகசியம். எங்கள் அம்பத்தூர்க் கள்ளிக்குப்பத்தில் கூரியர்காரர்கூட "பல்செட்டு ஊடு எது?" என்றுதான் கேட்பார்.

நான் சாத்தூர்க்காரன். வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் மனைவியோடு நின்றிருந்தேன். ஒல்லியாக, உயரமாக ஒருவர் வந்து எனக்கு வணக்கம் சொன்னார். முகத்தைப் பார்த்து அல்ல, வாயைப் பார்த்து.

"சாருக்குத் தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் கீதோ?"

"ஆமாங்க! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று என் மனைவி ஆனந்தக் கூச்சல் போட்டாள். அவளுடைய பல வருஷப் புகாருக்கு அன்றைக்குத்தான் ஒரு சாட்சி கிடைத்தது. அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பார்த்தவர்கள், "ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, எவ்வளவு மரியாதை!" என்று பாராட்டினார்கள்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா என்னைச் சமாதானப்படுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. மத்த ஆம்பளைங்க அடுத்தவங்க வாயைப் பார்த்தா சண்டை வரும். இவரு பார்த்தா ஆர்டரு வரும்."

நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் வரிசையாக வந்து வாய் திறக்கும் நேரம்தான் பூசையிலேயே அவருக்குப் பிடித்த பகுதி. தூணோரமாக நல்ல இடம் பிடித்துவிடுவார். வெளியே வந்ததும் என் காதில் அறிக்கை வாசிப்பார்: "அந்த சில்க் புடவை அக்கா மேல் செட்டு நம்முது சார். பக்கத்துல நிக்கிறாரே அவங்க வீட்டுக்காரரு, அவரு வெளியில கட்டிகினு வந்துட்டாரு. துரோகி."

இப்படிப் பல்லுண்டு தானுண்டு என்று இருந்த மனிதரைக் கடல் வந்து இழுத்துக்கொண்டு போன கதைதான் இது. அம்பத்தூருக்கு ஏது கடல் என்று கேட்காதீர்கள். வந்தது.

எங்கள் கோயில் வளாகத்தில் ஒரு மாதா கெபி உண்டு. கெபி என்றால் குகை. மாதா குகையில் காட்சி கொடுத்தார் என்பதால், மலையே இல்லாத ஊரிலும் கல்லை அடுக்கி, சிமெண்டு வைத்து, நாங்களே ஒரு குகை கட்டிக்கொள்வோம். எங்கள் கெபிக்கான கற்களை, அரியலூர்ப் பக்கத்துக்காரரான ஒரு பழைய ஃபாதர், தம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினாராம். அந்த ஊர்ப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்பது ஃபாதருக்கும் தெரியாது, லாரிக்கும் தெரியாது.

ஓர் அக்டோபர் மாத சாயங்காலம். கெபி முன்னால் நின்று எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். கரண்ட் போயிற்று. ஆளுக்கொரு செல்போன் டார்ச்சைப் போட்டார்கள். பல்செட்டு கெபிச் சுவரில் சாய்ந்து நின்றதால், அவருடைய வெளிச்சம் மட்டும் கல்லின் மேல் பக்கவாட்டில் விழுந்தது. நேராக அடித்தால் மொழுக்கென்று தெரிகிற கல், சாய்வாக அடித்தால் தன் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிவிடும். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில், பல்செட்டு மட்டும் அடித்தொண்டையிலிருந்து கத்தினார்:

"பல்லு!"

கூட்டத்தில் நாலைந்து பேர் சட்டென்று தம் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

கல்லுக்குள்ளிருந்து கூராக, பளபளவென்று, விரல் நகம் அளவுக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது உண்மை. அன்றைக்கே அவர் செல்போனைத் துழாவித் தீர்ப்பு எழுதிவிட்டார்: பழங்காலச் சுறாமீனின் பல். "சார், முப்பது வருஷமா பல்லோட குடும்பம் நடத்துறேன். பல்லைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?" என்றார். நானும் நம்பினேன். நான் வாயை மூடியிருந்தபோதே என் பல்கடியைக் கண்டுபிடித்தவர் அல்லவா?

அதற்கப்புறம் அவர் கெபியை விட்டு நகரவில்லை. காலையில் முழங்காலில் நின்று கல் கல்லாக டார்ச்சு அடிப்பார். ஏதாவது அகப்பட்டால் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு நம்பர் போடுவார். படம் எடுப்பார். படத்தில் பொருளின் அளவு தெரிவதற்காக விஞ்ஞானிகள் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைப்பார்களாம். இவரிடம் ஸ்கேல் இல்லை. ஆகவே பக்கத்தில் ஒரு பல்செட்டை வைத்தார். சிப்பிக்குப் பக்கத்தில் பல்செட்டு, நத்தைக்குப் பக்கத்தில் பல்செட்டு. பார்த்தால், யாரோ சிரித்துக்கொண்டே கெபிக்குள் புதைந்துபோன மாதிரி இருக்கும்.

அந்தப் படங்களை இணையத்தில் ஃபாசில் பிரியர்கள் குழு ஒன்றில் போட்டார். தலைப்பு: 'அம்பத்தூர் குகையில் நான் கண்டெடுத்த கடல் ஃபாசில்கள்.' கண் காணாத தேசத்திலிருந்து ஒரு கனவான் உடனே பரபரப்பாகிவிட்டார். அவருக்குப் பதில் எழுத இங்கிலீஷுக்கு என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார் பல்செட்டு.

"குகையின் ஆழம் எவ்வளவு?" என்று கேட்டிருந்தார் கனவான்.

"எட்டு அடின்னு போடுங்க சார்."

"உள்ளே வௌவால்கள் உண்டா?"

"இல்ல. ஒரு பூனை கீது. அதையும் எழுதிடுங்க, மறைக்க வேணாம்."

"உள்ளே நுழைவது ஆபத்தானதா?"

பல்செட்டு நெடுநேரம் யோசித்தார். "செருப்பை வெளியில வுட்டுட்டுப் போகணும். மத்தபடி ஆபத்து இல்ல."

கனவான் படங்களையெல்லாம் ஆராய்ந்துவிட்டு ஒரு வரி அனுப்பினார். 'இடது பக்கம் இருப்பது தெளிவாக இல்லை. வலது பக்கம் இருப்பது மிக அருமையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.' வலது பக்கம் இருந்தது பல்செட்டு. அந்த வாரம் முழுக்க எங்கள் ஆள் தரையில் நடக்கவில்லை.

இதற்கிடையில் ஊர் வேறு ஒன்றைக் கவனித்துவிட்டது. கெபிக்குப் பூ வைக்கும் லூர்து மேரி அக்கா தினமும் காலையில் வரும்போது, பல்செட்டு மாதா முன்னால் முழங்காலில் இருப்பார். அக்கா பூ வைத்துவிட்டு ஜெபம் முடித்துக் கிளம்பும்போதும் அதே முழங்காலில் இருப்பார். அக்காவின் நெஞ்சு உருகிவிட்டது.

"பல்லு கட்டுற மனுசன்னு லேசா நினைச்சுட்டோம். முட்டி போட்டுகினே கீறாருப்பா! கண்ணைக்கூட சிமிட்ட மாட்றாரு!" என்று வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒருநாள் அக்கா அவர் பக்கத்தில் போய் மெதுவாக, "அண்ணே, என் பையனுக்கு ஒரு நல்ல சம்மந்தம் அமையணும்னு வேண்டிக்கோங்க" என்றார். பல்செட்டு அப்போது ஒரு சிப்பியின் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. "ம்ம்" என்றார். அந்த மாதமே பையனுக்குச் சம்மந்தம் அமைந்துவிட்டது. அதுவும் பூந்தமல்லியில், சொந்தத்தில், பிரியாணியோடு.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. விசா வர வேண்டியவர், மூட்டு வலிக்காரர், பரீட்சை எழுதப் போகிறவர் எல்லாரும் அவர் முதுகைப் பார்த்துத் தங்கள் குறையைச் சொன்னார்கள். அவர் கல்லைப் பார்த்து "ம்ம்" சொன்னார். சிலருக்கு நடந்தது. நடக்காதவர்கள், "அன்னிக்கு அவரு 'ம்ம்' சொல்லல, 'ஊஹூம்'னாரு" என்று தம்மையே தேற்றிக்கொண்டார்கள்.

படம் மட்டும் போதாது, அச்சு எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான். வீட்டில் பல் அச்செடுக்கும் மாவு மூட்டை கிடந்தது. தண்ணீரில் குழைத்தால் களிபோல வரும். அழுத்தி வைத்து எடுத்தால் பொருளின் கடுகளவு கோடுகூடப் பதிந்துவிடும். குழந்தைகள் வாயில் வைத்தால் அழக் கூடாது என்று அந்த மாவில் ஸ்ட்ராபெர்ரி வாசனை சேர்த்திருப்பார்கள். பல்செட்டு காலையில் வந்து நாலைந்து கற்களுக்கு அச்செடுத்துவிட்டு, டாக்டருக்குப் பல் கொடுக்க ஆவடி கிளம்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் லூர்து மேரி அக்கா பூவோடு வந்தார். மூச்சை இழுத்தார். பூக்கூடையைக் கீழே போட்டார்.

மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் 'மாதா கெபியில் தெய்வீக நறுமணம்' என்று பரவிவிட்டது. அது மல்லிகையா, சந்தனமா, சாம்பிராணியா என்று மூன்று கட்சி. குழந்தைகள் மட்டும் ஒரே குரலில் "ஐஸ்கிரீம்!" என்றார்கள், அவர்களை யார் கேட்டார்கள்? மாங்காட்டிலிருந்தும் சென்னீர்குப்பத்திலிருந்தும் ஷேர் ஆட்டோவில் ஜனம் வந்து இறங்கியது. கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை, அதற்குப் பக்கத்தில் பஜ்ஜிக் கடை. பஜ்ஜி வாசனையில் தெய்வீக வாசனை தெரியவில்லை என்று பக்தர்கள் கடைக்காரரோடு சண்டை.

ஃபாதர் அமைதியான மனிதர். அன்றைக்கு அவர் நெற்றியில் வியர்வை. கோயில் காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் பங்குப் பேரவையை அவசரமாகக் கூட்டினார். அதில் நானும் ஓர் உறுப்பினன்.

"இதோ பாருங்க, நான் யாரையும் குத்தம் சொல்லல. யாராவது நல்லெண்ணத்துல சென்ட் கிண்ட் தெளிச்சிருந்தா சொல்லிடுங்க. மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்."

அப்போதுதான் ஆவடியிலிருந்து திரும்பிய பல்செட்டு கதவருகே நின்றிருந்தார். "என்னா வாசனை ஃபாதர்?" என்று கேட்டு மூக்கை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. "ஓ, இதுவா? இது நம்ம பல்லு அச்சு மாவு ஃபாதர். புதினா வாசனையிலயும் வருது. உங்களுக்கு அது பிடிக்கும்னா அடுத்த தரம் அதையே கொண்டாறேன்."

ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபித்தாரா, எண்களை எண்ணினாரா என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலப் பூசையில் ஃபாதர் உள்ளதை உள்ளபடி அறிவித்தார். ஜனம் கலைந்தது. சென்னீர்குப்பத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் வாசலில் பல்செட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே இது? பல்லு மாவ மோந்து பாக்கறதுக்கா லீவு போட்டுகினு வந்தேன்?"

பல்செட்டு அவர் வாயை உற்றுப் பார்த்தார். "உங்களுக்குக் கீழ் கடைவாய்ப் பல்லு ஒண்ணு ஆடுதே. எத்தினி நாளா?"

"அது... பொங்கலாண்ட இருந்து ஆடுது. இன்னாத்துக்கு கேக்கற?"

அந்த மனிதர் போகும்போது டாக்டர் விலாசத்தோடு போனார். நறுமணத்தால் நடந்த ஒரே நன்மை அது.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. கோயிலின் பொன்விழா வந்துகொண்டிருந்தது. அதற்குள் கெபிக்கு மேலே வெளிர்நீல டைல்ஸ் ஒட்டுவதென்று பேரவை ஏற்கெனவே பேசியிருந்தது. டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பக்தர் சரக்கு தருவதாகச் சொல்லியிருந்தார். இந்த வாசனைக் கூத்துக்குப் பிறகு எல்லாருக்கும் அவசரம் வந்துவிட்டது. கல்லே கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட்டால் தொல்லை விட்டது என்று ஏகமனதாக முடிவானது. மாதாவுக்கு நீலம் பிடிக்கும் என்பது கூடுதல் நியாயம்.

டைல்ஸ் மேஸ்திரி ஏழுமலை வேலைக்கு வந்த அன்று நானும் இருந்தேன். கெபியில் ஏதோ 'பாசி' இருக்கிறது, அதனால்தான் பிரச்சினை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பாசியைக் கழுவ அவர் ஒரு பாட்டில் ஆசிட் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தார். எங்கிருந்தோ பாய்ந்து வந்த பல்செட்டு இரண்டு கையையும் விரித்துக் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டார்.

"யோவ் மேஸ்திரி! ஆசிட்டா? இது சுண்ணாம்புக் கல்லுய்யா! நுரைச்சிகினு கரைஞ்சி போயிடும்!"

"பாசி கரைஞ்சா நல்லதுதான நைனா?"

"பாசி இல்லய்யா, ஃபாசில்! உள்ள உசுரு கீது!"

ஏழுமலை பாட்டிலை மூடிவிட்டு நாலடி பின்னால் போனார். "உசுரா? இந்த கல்லாண்டயா?"

"இருந்துச்சு. இப்ப இல்ல. கடல் பிராணிங்க. செத்துக் கல்லாப் போச்சு."

"எப்ப செத்துச்சு?"

"கோடிக்கணக்கான வருசம் ஆவுது."

ஏழுமலையின் முகத்தில் நிம்மதி திரும்பியது. "அப்போ காரியம்லாம் முட்ச்சிருப்பாங்க. நாம வேலய பாக்கலாமா?"

பல்செட்டு கல்லை விட்டு வரவில்லை. ஃபாதர் வந்து பார்த்தார். டைல்ஸ் பெட்டிகளையும், கல்லைக் கட்டிப் பிடித்தபடி நின்ற அந்த நெட்டை மனிதரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி. படிச்சவங்க யாராவது வந்து, இது காப்பாத்த வேண்டிய பொருள்னு சொல்லட்டும். நான் ஒரு டைல்ஸ்கூட ஒட்ட விடல. அப்படி இல்லைன்னா நீங்க விட்டுக்கொடுத்துடணும். சம்மதமா?"

"சம்மதம் ஃபாதர். சுறாப் பல்லு ஒண்ணு போதும், அவங்களே அசந்து போயிடுவாங்க."

நிலவியல் பேராசிரியை ஒருவரின் அம்மாவுக்கு இவர் பல் கட்டியிருந்தார். அந்த உரிமையில் அவரை அழைத்துவந்தார். சனிக்கிழமை காலை பேராசிரியை லென்ஸோடு வந்தார். பேரவை முழுவதும் பின்னால் நின்றது. ஏழுமலை கரண்டியோடு நின்றார். ஸ்டெல்லா அக்கா எல்லாருக்கும் மோர் கொடுத்தார். பல்செட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கல்யாண மாப்பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி நெளிந்துகொண்டிருந்தார்.

முதலில் படங்களைப் பார்த்தார் பேராசிரியை. சிரித்துவிட்டார். "அளவுக்குப் பல்செட்டு வெச்ச முதல் ஆள் நீங்கதான் சார். ஆனா நம்பர், படம், அச்சு எல்லாம் ஒழுங்கா இருக்கு. என் மாணவங்களே இப்படிப் பண்ண மாட்டாங்க."

பல்செட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் இறக்கம்தான்.

"இது சிப்பி, சரி. இதுவும் சிப்பி. இது வரிச்சிப்பின்னு எழுதியிருக்கீங்க... இது கொத்தனார் கட்டைவிரல் ரேகை சார், சிமெண்ட்டுல பதிஞ்சிருக்கு. இது சிப்பி. இது பவழம்னு போட்டிருக்கீங்க இல்ல?" லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். "சோடா மூடி. யாரோ ஈரத்துல அழுத்தியிருக்காங்க."

பின்னால் நின்ற யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். பல்செட்டு அசரவில்லை. "அதெல்லாம் போவட்டும் மேடம். ஒண்ணாம் நம்பரைப் பாருங்க."

பேராசிரியை குனிந்தார். ஊதினார். விரலால் தடவினார். இன்னொரு தரம் பார்த்தார். நல்ல பெண்மணி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது பல் இல்லைங்க சார்."

"மேடம்?"

"சிப்பியோட உடைஞ்ச ஓரம். மழையிலயும் வெயில்லயும் தேஞ்சு இப்படிக் கூரா ஆயிருக்கு. பார்க்கப் பல் மாதிரிதான் இருக்கு. ஆனா இந்த மாதிரிச் சிப்பிக்கு ஏது சார் பல்லு?"

கூட்டத்தில் இப்போது ஒருவரும் இருமவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், நான் கையிலிருந்த மோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிஜமான ஃபாசில்தான், பொய்யில்லை" என்றார் பேராசிரியை ஃபாதரிடம். "ஆனா அரியலூர்ப் பக்கம் போனா இது காலுக்கடியில கிடக்கும். இதைக் காப்பாத்தியே ஆகணும்னு நான் சொல்ல முடியாது. சார் செஞ்ச பதிவு போதும்."

பல்செட்டு ஃபாதர் பக்கம் திரும்பினார். "சொன்ன சொல்லு சொன்னதுதான் ஃபாதர். ஒட்டிக்கோங்க" என்றார். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். முப்பது வருஷம் பல்லோடு வாழ்ந்தவர், பல்லையே தப்பாகப் பார்த்துவிட்டார்.

பிறகு அவரைக் கோயில் பக்கம் காணவில்லை. வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினார். ஸ்டெல்லா அக்கா மட்டும் பூசைக்குத் தனியாக வந்தார். "எப்படி இருக்காருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்தச் சொல்றது தம்பி. பக்கத்து ஊட்டுக்காரரு புதுசாப் பல்லு கட்டிகினு வந்து எதிர்லயே நின்னு சிரிக்கிறாரு. நிமிர்ந்துகூடப் பார்க்கல. எனக்கு பயமா கீது."

டைல்ஸ் வேலை நடந்தது. சாக்குப் படுதாவைக் கட்டிவிட்டு ஏழுமலை உள்ளே வேலை பார்த்ததால் யாரும் கவனிக்கவில்லை. பொன்விழாவுக்கு முந்தின நாள் படுதாவை இறக்கினார்கள். பேரவை மொத்தமும் வாயைப் பிளந்தது.

கெபி முழுக்க வெளிர்நீல டைல்ஸ். ஆனால் இங்கே ஒரு சதுரம், அங்கே ஒரு சதுரம் என்று நாற்பதுக்கு மேற்பட்ட ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் வெள்ளை டைல்ஸில் சட்டம். ஒவ்வொன்றுக்குள்ளும் பழைய கல். கல்லில் பல்செட்டு போட்ட சாக்பீஸ் நம்பர். தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் வைத்த அடுக்குமாடி மாதிரி இருந்தது, மாதா தரைத்தளத்தில் குடியிருக்கிற மாதிரி.

"என்ன மேஸ்திரி இது?" என்றார் ஃபாதர்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "நம்பரு போட்ட எடத்தாண்ட வரச்சொல்ல கை வர்ல ஃபாதர். அந்தாளு இத்த கட்டி புட்ச்சிகினு நின்னாரு பாரு, அது கண்ணுலியே கீது. அது மேல எப்டி சிமெண்ட்ட பூசறது?"

"அதுக்காக எல்லாத்துக்குமா? பாதி தப்புன்னு அந்த மேடம் சொன்னாங்களே."

"எது ரைட்டு எது ராங்குன்னு எனக்கு இன்னா தெரியும்? எல்லாத்தியும் வுட்டுட்டேன்."

லூர்து மேரி அக்கா முன்னால் வந்தார். வாசனை விஷயத்தில் ஊர் சிரித்ததில் அதிகம் அடிபட்டவர் அவர்தான். பல்செட்டின் மேல் கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இருந்துட்டுப் போகட்டும் ஃபாதர். ஜெபம் பண்ணாரோ இல்லியோ, அத்தினி நாளு முட்டி போட்டாரில்ல?"

மறுநாள் திருவிழாவுக்கு ஸ்டெல்லா அக்கா அவரை ஏதோ சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கெபி முன்னால் வந்ததும் அவர் அப்படியே நின்றார். ஒரு ஜன்னலைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். திடீரென்று பதறிப்போய் ஏழுமலையைத் தேடினார்.

"மேஸ்திரி! மேஸ்திரி! அது சோடா மூடிய்யா! அதுக்குப் போய் ஃப்ரேமு போட்டு வெச்சிருக்க!"

"கம்னு இரு நைனா. டைல்ஸ் காலி."

"கொத்தனாரு கட்டைவிரலு?"

"அது நம்ம ஆளு. கண்டிப்பா இருக்கணும்."

கடைசியாக ஒன்றாம் நம்பர் ஜன்னலுக்கு வந்தார். ஏழுமலை அதற்கு மட்டும் பூப்போட்ட டைல்ஸில் சட்டம் போட்டிருந்தார். உடைந்த சிப்பியின் ஓரம், பல் மாதிரியே, உள்ளே பளபளத்தது. பல்செட்டு அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அவரே பேசினார். "பல்லே இல்லாத ஜீவனாம் சார் அது."

"ஆமாண்ணே."

"பல்லு இல்லாதவங்கதான சார் நம்ம கஸ்டமரு?"

சொல்லிவிட்டுத் திரும்பி என் வாயைப் பார்த்தார். நான் பொத்திக்கொள்ளவில்லை. "இன்னும் கடிச்சிகினுதான் கீறீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

ஒன்றாம் நம்பர் ஜன்னல் அதற்குப் பிறகு ஊரில் பிரபலமாகிவிட்டது. பல்வலிக்காரர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு டாக்டரிடம் போவார்கள். டாக்டர் வேலையைப் பல்செட்டுக்கு அனுப்புவார். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை என்று அவர் சத்தியம் செய்வார்.

முழங்காலில் நின்று நின்று முட்டி தேய்ந்துபோய், போன வருஷம் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. எடுத்த எலும்பை வீட்டுக்குக் கொடுங்கள் என்று டாக்டரிடம் மல்லுக்கட்டினாராம். மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால், மாங்காட்டில் மகள் வீட்டுத் தரைத்தளத்துக்குக் குடிபோய்விட்டார்.

சென்ற மாதம் பேரவைக் கூட்டம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த ஓர் இளைஞர், நல்ல பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கெபியைப் பற்றிப் பேச எழுந்தார்.

"எல்லாத்தையும் மூட வேண்டாங்க. தப்பானதை மட்டுமாவது மூடிடலாமுங்களே? மாதா பக்கத்துல எதுக்குங்க ஒரு சோடா மூடி?"

நியாயமான கேள்வி. ஃபாதர் எங்களைப் பார்த்தார். நாங்கள் மேஜையைப் பார்த்தோம்.

"மூடிட்டா, அந்த மனுஷன் வரும்போது தேடுவாரே" என்று ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் நடுங்கின குரல். லூர்து மேரி அக்காவாகத்தான் இருக்கும் என்று நிமிர்ந்தேன்.

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.